தவணையில் வாங்கின குரல்

வாங்க மக்கா, இப்படிக் கிட்ட வந்து உட்காருங்க. ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம், என் பேச்சைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இன்றைக்கு நான் சொல்லப்போவது நடந்த கதை இல்லை. இனிமேல் நடக்கப்போகிற கதை. நடக்காததை எப்படிச் சொல்வாய் என்று கேட்காதீர்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்காரியோடு பேச நின்றால் என்ன ஆகும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாதா? அப்படித்தான் இதுவும்.

புளியங்குடியில் ஆவுடைத்தங்கம் என்று ஒருத்தி. எலுமிச்சம்பழம் விற்கிறவள். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே சாக்கை விரித்து, பழத்தைக் கூறு கூறாக அடுக்கிவைத்து, "கூறு அம்பது, கூறு அம்பது! தோலு மெலிசு, சாறு கொள்ளை!" என்று அவள் கூவினால், கிளம்பின பஸ்ஸில் இருந்தும் ஜன்னல் வழியாகக் கை நீளும். மற்றவர்கள் பழத்தை விற்றார்கள். அவள் குரலைக் காட்டிப் பழத்தை விற்றாள்.

அந்தக் குரலுக்குத்தான் கேடு வந்தது. தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுத்தால் உயிர் தங்கும் என்றார்கள் டாக்டர்கள். எடுங்கள் என்று சொல்லிவிட்டாள். எடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் வந்து, சின்ன மைக்கை அவள் முன்னே வைத்து, "என்ன வேணும்னாலும் பேசுங்கம்மா. எவ்வளவு பேசுறீங்களோ அவ்வளவு நல்லது" என்றாள். ஆவுடை பழ விலை சொன்னாள். மழையைத் திட்டினாள். மாரியம்மன் பாட்டைப் பாதி பாடி, மீதியை மறந்துபோய்ச் சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பதிவானது.

இதெல்லாம் எதற்கு என்றால், வரப்போகிற அந்தக் காலத்தில் குரல்பட்டை என்று ஒன்று வந்திருந்தது. இரண்டு விரல் அகலம். கழுத்தில் கட்டிக்கொண்டால், நாம் பேச நினைத்துத் தொண்டையை அசைக்கிறபோது அந்த அசைவைப் படித்து, நம்முடைய சொந்தக் குரலிலேயே பேசும். சாமானியம் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் கொடுக்க மாட்டார்கள். தென்காசியில் வசந்தமாலை ஸ்டோர்ஸில், மிக்ஸிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே கண்ணாடி அலமாரியில் இருந்தது. மொத்தப் பணம் ஏது? கடைக்காரர்களே ஒரு அட்டை போட்டுக் கொடுத்தார்கள். மாசாமாசம் கொஞ்சம் கட்டினால் போதும்.

கட்டினாள். பேசினாள். பட்டை கட்டிக்கொண்டு அவள் முதலில் பேசின பேச்சு, புருஷனைப் பார்த்து, "ஏங்க, சட்டைப் பித்தானை ஒழுங்காப் போடுங்க" என்பது. அந்த மனிதர் பித்தானைப் போடாமல் நின்று அழுதார்.

அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். பேர் திருமலைக்குமார். பண்பொழி மலைமேல் இருக்கிற முருகனை வேண்டிப் பிறந்த பிள்ளை, அதனால் அந்தப் பேர். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். இந்தப் பேரை ஆவுடைத்தங்கம் கல்யாணம் கட்டின நாளில் இருந்து வாயால் சொன்னதில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று மாமியார் சொல்லிவைத்திருந்தாள். மாமியாரும் போய்ச் சேர்ந்தாள், அந்தப் பயமும் மெல்லப் போய்விட்டது. ஆனாலும் சொல்லவில்லை. 'ஏங்க', 'இந்தாங்க', 'எங்க வீட்டு இவுக'. ஊரார் திருமலைக்கோவில் என்கிற அந்த முருகன் கோவிலைக்கூட 'மலைக்கோவில்' என்பாளே தவிர, பேரில் பாதியைக்கூடத் தொடமாட்டாள். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சில விஷயங்களை நாம் நம்புவதால் செய்வதில்லை, நம்முடையது என்பதால் செய்கிறோம்.

ஒரு ஐப்பசியில் எலுமிச்சை விலை விழுந்தது. அதே மாசம் ஆட்டோவில் கியர் பெட்டி போனது. ஒரு தவணை தவறிவிட்டது. சின்னத் தொகைதான். அடுத்த மாசம் ஓடிப்போய்க் கட்டினாள். கடைக்காரர்கள் அந்தப் பணத்தை அபராதத்தில் வரவு வைத்துக்கொண்டு, "இந்த மாசத் தவணையும் கட்டலையேம்மா" என்றார்கள். கட்டக் கட்டப் பாக்கி ஏறியது. ஓட்டைச் சட்டியில் தண்ணீர் ஊற்றினால் சட்டியாவது அப்படியே இருக்கும். இங்கே ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை. சந்தைக் கூட்டம். ஆவுடை கூவிக்கொண்டிருந்தாள்: "கூறு அம்பது, கூறு அம்ப..."

நடுவிலே குரல் நின்றது. அவள் வாய் மூடித்தான் இருந்தது. கழுத்தில் இருந்து அவளுடைய குரலே, கணீரென்று, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோலப் பேசியது:

"திருமலைக்குமார் மனைவி ஆவுடைத்தங்கம் ஆகிய நான், வசந்தமாலை ஸ்டோர்ஸுக்குப் பாக்கி வைத்திருக்கிறேன். அபராதம் உள்பட முழுத் தொகையையும் கட்டிவிடுவதாக ஒப்புக்கொள்கிறேன்."

பஸ் ஏறப்போனவர்கள் படியில் காலை வைத்தபடியே திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் வெற்றிலை விற்கிற மைமூன் வாயில் போட்ட பாக்கை மெல்லாமல் பார்த்தாள்.

"ஏட்டி ஆவுடை! பேரைச் சொல்லிட்டியேட்டி!"

கடன் விஷயம் மைமூன் காதில் ஏறவே இல்லை. பேர்தான் ஏறியது. ஆவுடை இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு, "நான் சொல்லல மைமூனு. சத்தியமா நான் சொல்லல" என்றாள். எதிர்த்த டீக்கடையில் அவள் புருஷன், கையில் கிளாஸோடு, சிலைபோல நின்றுகொண்டிருந்தார்.

கடைக்கு ஓடினாள். மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "ஒப்பந்தத்துல நீங்கதானேம்மா கையெழுத்துப் போட்டிருக்கீங்க. பாக்கி இருந்தா, கொடுத்த பொருள் வழியாவே ஞாபகப்படுத்தலாம்னு இருக்கு."

"மிக்ஸி வாங்கினா மிக்ஸி வந்து கடன் கேக்குமா?"

"மிக்ஸிக்கு வாய் இல்லையேம்மா."

"எனக்கு மட்டும் இருக்காக்கும்? இருந்த வாயைத்தான் நீங்க எடுத்துக்கிட்டீகளே!"

மேனேஜர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், கூட்டம் கூடுகிற நேரம் பார்த்து அந்தக் குரல் ஒப்பிக்கும். பட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால் பேசாது. ஆனால் அவளும் பேசமுடியாது. விரலைக் காட்டி விலை சொன்னாள். வாங்க வந்தவர்கள் பேரம் பேச ஆள் இல்லாமல் அடுத்த சாக்குக்குப் போனார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை பாருங்கள். திங்களும் வியாழனும் அந்த நேரத்துக்கு அவள் புருஷன் எங்கே இருந்தாலும் டீ வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். மற்ற நாளில் வரமாட்டார். ஆவுடைக்குப் புரியாமல் போகுமா?

"என்னத்துக்கு இந்த நேரத்துல வாரீக?"

"சும்மாதான். டீ..."

"டீயா? கடைக்காரன் சொல்லவச்சாத்தான் உங்களுக்கு இனிக்குதாக்கும்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இனிக்கல ஆவுடை. கடனைச் சொல்லும்போது எந்திரிச்சுப் போயிடலாம்னுதான் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை வருதுல்ல... உன் குரல்ல நான் கேட்டதே இல்லையா, அதான்" என்றார்.

அவள் கையை நீட்டினாள். டீயை வாங்கிக் குடித்தாள்.

பங்குனியில் சம்மன் வந்தது. வசந்தமாலை ஸ்டோர்ஸ் வழக்குப் போட்டிருந்தது. அசல், வட்டி, அபராதம், அபராதத்தின்மேல் அபராதம் எல்லாவற்றையும் கட்டவேண்டும். இல்லையென்றால் குரல்பட்டையைத் திருப்பித் தரவேண்டும்.

"குடுத்துட்டா விடுவானா?" என்று மைமூன் கேட்டாள்.

"குடுத்துட்டு? எலுமிச்சம்பழமா வந்து நின்னு, என்னை வாங்கு, என்னை வாங்குன்னு சொல்லும்? இது போச்சுன்னா நான் ஊமை மைமூனு. ஊமையா சாவுறதுக்கா கத்திக்குக் கழுத்தைக் குடுத்தேன்?"

மைமூன் ஒரு வெற்றிலையைக் கிழித்து வாயில் வைத்தாள். "கோர்ட்டுக்குக் கழுவின சேலை கட்டிக்கிட்டுப் போ. நான் சாக்கைப் பாத்துக்கிடுதேன்" என்றாள். அவளால் முடிந்தது அது.

கோர்ட்டில் நீதிபதி ஒரு பெண். மெஹராஜ் பானு. கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு எல்லாரையும் அதற்கு மேலே பார்க்கிறவர். ஸ்டோர்ஸ் பக்கம் வக்கீல் ரெங்கநாயகம். கூடவே கடையின் டெக்னீஷியன் ஏஞ்சலின் என்ற பெண், பதிவுகளைப் போட்டுக்காட்ட வந்திருந்தாள். ஆவுடை பக்கம் ஆவுடை மட்டும்தான். புருஷன் கதவோரம் நின்றார்.

கிளார்க் கேட்டார்: "பேரு?"

"ஆவுடைத்தங்கம்."

"வீட்டுக்காரர் பேரு?"

ஆவுடை கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, உங்களைத்தான் கேக்கேன். வீட்டுக்காரர் பேரு?"

ஆவுடை மடியில் கையை விட்டு ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"அட்டையை வைங்கம்மா. பேச மெஷின் இருக்குல்ல, சொல்லுங்க."

"திருமலைக்குமாருங்க ஐயா!" என்றார் கதவோரம் நின்றவர், பொறுக்கமாட்டாமல்.

அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் நாலு பேர் சிரித்தார்கள். நீதிபதியும் உதட்டோரம் சிரித்தார். "விடுங்க, எழுதிக்கோங்க. எங்கம்மாவும் சொல்ல மாட்டாங்க. தபால்காரர் வந்தா என்னைத்தான் கூப்பிடுவாங்க."

வழக்கு தொடங்கியது. ரெங்கநாயகம் சத்தம் போடாமல் பேசுகிற வக்கீல். "கடன் எவ்வளவு, அபராதம் சரியா தப்பா என்றெல்லாம் விவாதமே தேவையில்லை அம்மா. பிரதிவாதி தன்னுடைய சொந்தக் குரலில், பொது இடத்தில், பலமுறை முழுத் தொகையையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்ட கடனுக்கு மறுபேச்சு ஏது?"

"நான் ஒப்புக்கிடல அம்மா" என்றாள் ஆவுடை. "அது தானாப் பேசுது."

"அதையும் இதே குரலில்தான் சொல்கிறார்" என்றார் வக்கீல். "எது இவர் பேசியது, எது தானாகப் பேசியது என்று யார் பிரிப்பது?"

அவர் கண்காட்ட, ஏஞ்சலின் பதிவைப் போட்டாள். கோர்ட் முழுக்க ஆவுடையின் குரல். "திருமலைக்குமார் மனைவி ஆவுடைத்தங்கம் ஆகிய நான்..."

"நிறுத்துங்க" என்றார் நீதிபதி. கண்ணாடியைக் கழற்றினார். "மறுபடியும் போடுங்க."

மறுபடியும் ஓடியது. ஆவுடை தலையைக் குனிந்து, சேலை முந்தியால் காதை மூடிக்கொண்டாள்.

"அடுத்த பதிவு?"

அடுத்ததும் அப்படித்தான் தொடங்கியது. அதற்கு அடுத்ததும்.

"வக்கீல் சார்," என்றார் நீதிபதி. "இப்போ அரை மணி நேரம் முன்னாடி இதே இடத்துல, கிளார்க் ரெண்டு தடவை கேட்டும் இந்தம்மா அந்தப் பேரைச் சொல்லலை. கவனிச்சீங்களா?"

"அது ஒரு பழக்கம் அம்மா. சாட்சியம் ஆகாது. இங்கே சொல்லாதவர் அங்கே சொல்லியிருக்கலாம்."

"உங்க வீட்டம்மா உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

ரெங்கநாயகம் திகைத்தார். கொஞ்சம் யோசித்து, "ரெங்கா என்றுதான்..." என்றார். கோர்ட்டே சிரித்தது. வக்கீலும் சிரித்துவிட்டார்.

"குடுத்து வச்சவர். ஆனா இவங்க வீட்டுல அப்படி இல்லை. வீட்டுல சொல்லாத பேரைச் சந்தையில நின்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவாங்களா? பழக்கம் சாட்சியம் ஆகாதுதான், ஆனா சந்தேகப்படுறதுக்குப் போதும்." நீதிபதி ஏஞ்சலின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பட்டை பேசுறது தொண்டை அசையிறதாலதானே? அந்த அசைவையும் பதிவு பண்ணுமா?"

ஏஞ்சலின் வக்கீலைப் பார்த்தாள், நீதிபதியைப் பார்த்தாள். சம்பளம் கொடுக்கிறவனுடைய வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது உண்மை சொல்வது லேசா? "பண்ணும் மேடம்."

"இந்தப் பேச்சு வந்தப்போ எல்லாம் அசைவு இருந்துச்சா?"

"இல்லை மேடம். அப்போ இவங்க தொண்டை சும்மாதான் இருந்துச்சு. பேச்சை நாங்க கடையில இருந்து அனுப்பினோம். அந்தப் பேரு இவங்க பதிவுல எங்கேயும் இல்லை. வேற வேற வார்த்தையில இருந்து எழுத்து எழுத்தா வெட்டி ஒட்டித்தான் செஞ்சோம்."

அவ்வளவுதான் மக்கா. தீர்ப்பை அப்புறம் விரிவாக எழுதினார்கள். சுருக்கம் இதுதான்: ஒருத்தி குரலை அவளைக் கேட்காமல் பேசவைத்து வாங்கின ஒப்புதல் செல்லாது. அபராதம் தள்ளுபடி. வாங்கின பொருளுக்கு மிச்சம் உள்ள விலையை மட்டும் அவள் தவணையில் கட்டவேண்டும். பட்டை அவளிடமே இருக்கும். கடை அதற்குள் புகுத்தின சொல் எல்லாவற்றையும் நீக்கவேண்டும். இனி அவை அந்தக் குரலில் ஒலிக்கவே கூடாது.

இங்கே கதையை முடித்துக் கும்பிடு போட்டுவிடலாம். போடமுடியவில்லை, கேளுங்கள்.

தீர்ப்புப்படி ஏஞ்சலின்தான் பட்டையைச் சுத்தம் செய்தாள். திருப்பிக் கொடுக்கும்போது, "எல்லாத்தையும் எடுத்துட்டேன்மா. அந்தப் பேரையும் எடுத்துப் பூட்டிட்டேன். கோர்ட் உத்தரவு. இனிமே யாரு அனுப்பினாலும் வராது. நீங்களே நெனச்சாலும் வராது" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் ஆவுடையின் புருஷன், தெருவைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா, நல்லதாப் போச்சு" என்றாள் ஆவுடை.

வியாபாரம் பழையபடி நடந்தது. கூறு அம்பது அறுபதானது. திங்கள் வரும், வியாழன் வரும். ஒரு சத்தமும் வராது. டீயும் வராது.

ஒரு நாள் உச்சி வெயில். பஸ் இல்லை, ஆள் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் ஆட்டோவை நிறுத்திவிட்டு அவர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. சட்டைப் பித்தான் ஒன்று கழன்றிருந்தது. மோவாயில் முடியெல்லாம் வெள்ளை. ஆவுடை பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னமோ தோன்றியது. மைமூனும் சாப்பிடப் போயிருக்கிறாள், யாருக்குக் கேட்கப்போகிறது? சும்மா, ஒரே ஒரு தடவை, தனக்கே கேட்கிற மாதிரி. நாக்கை மேலே கொண்டுபோய் அந்தப் பேரின் முதல் எழுத்தில் வைத்தாள். முழுசாகச் சொல்லிமுடித்தாள்.

ஒன்றும் வரவில்லை.

திரும்பவும் சொன்னாள். காக்கை கத்தியது. பட்டை சும்மா இருந்தது.

அவள் பட்டையை விரலால் தடவிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அந்தப் பேரை வைத்திருந்த அறைக்கு அவள்தான் உள்ளே இருந்து தாழ்ப்பாள் போட்டிருந்தாள். இப்போது யாரோ வெளியே பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குக் கதவு ஒன்றுதான், மூடித்தான் இருக்கிறது. உள்ளே இருக்கிறவளுக்கு அது ஒன்றா?

மறுவாரம் கோர்ட்டில் மனுப் போட்டாள். நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"ஜெயிச்ச கேஸுக்கு மனுவாம்மா?"

"ஜெயிச்சதுல ஒரு சின்னத் திருத்தம் அம்மா. அந்தப் பேரை எனக்குத் திருப்பித் தரணும்."

"அந்தப் பேரைக் கேட்டுத்தானே அன்னைக்குக் காதைப் பொத்திக்கிட்டு நின்னீங்க? இப்போ சொல்லப்போறீங்களா?"

"சொல்லமாட்டேன் அம்மா."

"பிறகு எதுக்கு?"

ஆவுடை கழுத்துப் பட்டையில் ஒரு விரலை வைத்தாள். "சொல்லாம இருக்கவ நானா இருக்கணும் அம்மா. இந்தப் பட்டையா இருக்கக் கூடாது. அன்னைக்கு என்னைக் கேக்காம கடைக்காரக சொல்லவச்சாக. இன்னைக்கு என்னைக் கேக்காம நீங்க சொல்லாம வச்சிட்டீக. தப்பா நெனைக்காதீக, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. மெஹராஜ் பானு கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார். "நீதிமன்றத்தின் உத்தரவில் நேர்ந்த பிழை" என்றே எழுதினார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

மறுபடியும் வசந்தமாலை ஸ்டோர்ஸ், மறுபடியும் ஏஞ்சலின். "பழைய வெட்டி ஒட்டினதைப் போட மாட்டேன்மா. நீங்க சொல்ற விதத்துலயே போடுறேன். பட்டையில சத்தத்தை அணைச்சிடுறேன். நீங்க வாயை அசைச்சாப் போதும், அது கத்துக்கும்" என்றாள்.

ஆவுடை புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "இவுகளைக் கொஞ்சம் வெளிய நிக்கச் சொல்லுங்க."

அவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய், ரோட்டைப் பார்த்தபடி நின்றார். ஏஞ்சலினும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மிக்ஸிகளுக்கும் ஃபிரிட்ஜுகளுக்கும் நடுவே நின்று ஆவுடைத்தங்கம் சத்தமில்லாமல், ஒவ்வொரு எழுத்தாக, அந்தப் பேரைத் தன் குரலுக்குச் சொல்லிக்கொடுத்தாள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் முன்சீட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடையநல்லூர் தாண்டுகிறவரை அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாண்டினபிறகு மெல்ல, "வந்துச்சா?" என்றார்.

"வந்துச்சு."

"இப்போ சொன்னாக் கேக்குமா?"

"கேக்கும்."

அவர் ஆட்டோவின் வேகத்தைக் குறைத்தார். எதிரே லாரி இல்லை, பஸ் இல்லை. வயல் காற்று வந்தது. காத்துக்கொண்டிருந்தார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றாள் ஆவுடைத்தங்கம்.

அவர் சிரித்துவிட்டார். புளியங்குடி வருகிற வரைக்கும் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

போய்வாருங்கள் மக்கா. உங்கள் வீட்டு உலையில் அரிசி குறையாமல் இருக்கட்டும். கடன்காரன் நிழல் உங்கள் வாசல்படி ஏறாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் பேச நினைத்ததைப் பேசட்டும், பேச வேண்டாம் என்று நினைத்ததை மனசுக்குள் நிம்மதியாக வைத்திருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு எல்லாரும் நல்லா இருங்க.